கரையில் ஒழுகாத படகு

முத்தாபுதுப்பேட்டை,
ஜூன் 9, செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி மணவாளன் அவர்களுக்கு தட்சிணாமூர்த்தி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஹேமாவதியும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சின்னப் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் உங்கள் படகு; அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே பழவேற்காட்டில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை ஜெகனும் எங்கள் பவ்யாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் ஹேமாவதி வேண்டிக்கொள்கிறாள். நான் இந்த ஒரு மாதமாகப் படகுக்காக மட்டுமே வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ‘ம்’, ‘சரி’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவீர்கள், அதில் ஒரு வார்த்தை காற்றில் போய்விடும். நானோ முப்பத்தொரு வருடம் மண்ணூர்பேட்டையில் எஞ்சின் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். ஒரு பொருளில் குறை கண்டால் அது எங்கே, எப்படி, யாரால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சாப்பாடு செரிக்கும். ஆகவே இது கடிதம் பாதி, பரிசோதனை அறிக்கை பாதி. பொறுமையாகப் படியுங்கள்.

பங்குனியில் உங்கள் வீட்டு விருந்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் மூன்று பேர் பார்த்தும் படகில் டீசல் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நான் அப்போது வஞ்சிர வறுவலில் நான்காவது துண்டில் இருந்தேன். ‘கசிவு என்று ஒன்று இருந்தால் அது என் கண்ணுக்குத் தப்பாது, மீன்பிடித் தடைக்காலத்தில் படகை நம் ஊருக்கு அனுப்புங்கள்’ என்று சொல்லிவிட்டேன். வஞ்சிரம் பேசியது என்று ஹேமாவதி சொல்கிறாள். அது மட்டும் இல்லை, சம்பந்தி. மாசி மாதம் நடுக்கடலில் டீசல் தீர்ந்து எஞ்சின் நின்று நீங்களும் மாப்பிள்ளையும் மறுநாள் மதியம்வரை மிதந்துகொண்டிருந்தீர்களே, அன்றைக்குப் பவ்யா எனக்குப் போன் செய்தாள். ‘அப்பா, இன்னும் வரலை’ என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அந்த மூன்று வார்த்தைக்கு ஆறுதல் போதாது. அதனால்தான் படகைக் கேட்டு வாங்கினேன்.

வாங்கினேனே தவிர, முத்தாபுதுப்பேட்டையில் படகு வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. லாரி எங்கள் தெருவில் திரும்பும்போதே படகின் மூக்கில் கேபிள் ஒயர் மாட்டி மூன்று வீட்டுக்கு டி.வி. நின்றது. டி.வி. நின்றவர்கள் வெளியே வந்தார்கள். வந்தவர்கள், என் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் பழைய டயர்களின் மேல் படகு இறங்குவதைப் பார்த்தார்கள். கத்திரி வெயிலில் ரோட்டுத் தார் உருகிக்கொண்டிருக்கிறது, ஆனால் அரை மணி நேரத்துக்குள் இந்த வருடம் பெரிய வெள்ளம் வருகிறது, தட்சிணாமூர்த்திக்கு அரசாங்கத்துக்கு உள்ளே இருந்து சேதி வந்திருக்கிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. எதிர் வீட்டில் எருமை வைத்துப் பால் ஊற்றும் வேம்புலியம்மாள் முதல் ஆளாக வந்தார்.

“இன்னா நைனா, போட்டு வாங்கிகினு வந்துகீற? தண்ணி எம்மாம் ஒசரம் வரும்னு சொன்னாங்கோ?”

“ஏம்மா, இது என் சம்பந்தி படகு. ரிப்பேருக்கு வந்திருக்கு.”

“அல்லாரும் அப்டித்தான் சொல்வாங்கோ. எனக்கு ஒரு எடம் போட்டு வை. எருமய இன்னா பண்றதுன்னு அப்பால பாத்துக்கலாம்.”

அன்று மாலை பின்தெரு அடுக்குமாடியிலிருந்து அரவிந்தன் என்ற பையன் வந்தான். கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறான். “ஏனுங்க அங்கிள், எங்க குரூப்ல கேட்டேனுங்க. கீழ்த்தளத்துக்காரங்க எல்லாம் பேர் குடுத்திருக்காங்க. இருபத்து மூணு பேருங்க” என்று போனை நீட்டினான். வயதானவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பூனை வைத்திருப்பவர்கள் என்று பிரித்து எழுதியிருந்தான். ஆறு பேர் போகும் படகு, சம்பந்தி! நான் மறுத்தேன். மறுக்க மறுக்க அவர்களுக்கு நம்பிக்கை அதிகமாயிற்று. கடைசியில் விட்டுவிட்டேன். அந்தப் பட்டியல் பின்னால் எனக்கே உதவியது.

வேலைக்குத் துணையாக தசரதனை அழைத்தேன். என்னோடு அதே கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர், கரையான்சாவடியில் குடியிருக்கிறார், பஸ்ஸில் ஸ்பேனர் பையோடு வந்து இறங்கினார். முதல் காரியமாக டேங்கில் பாதி அளவு டீசல் ஊற்றினோம். வீடுகள் இருக்கும் இடத்தில் முழு டேங்க் வைப்பது ஆபத்து என்று சொன்னது நான்தான். அப்படிச் சொன்னபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் புத்திசாலித்தனத்தால்தான் இரண்டு வாரம் வீணாகப் போயிற்று.

கசிவைப் பிடிக்க நாங்கள் கம்பெனியில் செய்யும் முறை மிகவும் எளிது. இணைப்புகளை ஈரமில்லாமல் துடைத்து, வெள்ளைப் பொடியை மெலிதாகப் பூசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கே எண்ணெய் கசிகிறதோ அங்கே பொடி கறுக்கும். அதற்கென்று ஒரு பொடி உண்டு. அதை வாங்க அம்பத்தூர் வரை போவானேன் என்று, ஹேமாவதியின் பூஜை அலமாரியில் இருந்த மூன்று பொட்டலம் திருநீற்றை எடுத்துக்கொண்டேன். டேங்க், குழாய்கள், பம்ப், ஃபில்டர் என்று ஒன்று விடாமல் பூசினோம். உங்கள் எஞ்சினை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும், கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

அது எங்களுக்கு மட்டும் தோன்றவில்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் குனிந்து பம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்கிறேன், வேம்புலியம்மாள் தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, ஏணியில் ஏறி நின்று எஞ்சினுக்குக் கற்பூரம் காட்டுகிறார்! கீழே பாதி டேங்க் டீசல். தசரதன் ஒரே தாவாகத் தாவி ‘ஃபூ’ என்று வாயால் ஊதி அணைத்துவிட்டார். அம்மாள் முகம் சிவந்துவிட்டது.

“சாமிக்கு ஏத்துன கற்பூரத்த வாயால ஊதி அணைக்கிறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?”

“யம்மா, சாமி இல்லம்மா, டீசலு! பத்திகினா தெருவே காலி!”

“டீசல் கீற எடத்துல இன்னாத்துக்கு துன்னூறு பூசி வெச்சிகீறீங்கோ?”

மூன்று நாள் எங்கள் வீட்டுக்குப் பால் வரவில்லை. நான்காம் நாள் நானே போய், பரிசோதனை முறையை முதலிலிருந்து விளக்கிச் சொன்னேன். அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப நெருப்பு வாணாம், பூ மட்டும் போட்டுக்கறேன்” என்றார். அதிலிருந்து தினமும் படகின் மூக்கில் ஒரு முழம் கதம்பம் தொங்குகிறது. அதைக் கழற்றாமல்தான் அனுப்புவேன், எனக்கு மறுபடியும் பால் நிற்கக் கூடாது.

இத்தனைக்கும் பலன் என்ன என்கிறீர்களா? ஒன்றுமில்லை. நான்கு நாள், ஆறு நாள், பத்து நாள் ஆயிற்று, திருநீறு பூசியபடியே வெள்ளையாக இருந்தது. வாஷர்களை எல்லாம் மாற்றிப் பார்த்தோம். குழாய்களைக் கழற்றி ஊதிப் பார்த்தோம். எஞ்சினை ஓட்டியும் பார்த்தோம். அந்தச் சத்தத்தில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதுதான் மிச்சம். அரவிந்தன் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டேங்கில் குச்சி விட்டு அளந்து, கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் கொண்டுவந்தான். ஒரே நேர்க்கோடு.

“ஒரு சொட்டுக்கூடக் குறையலைங்க அங்கிள். இந்தப் படகு ஒழுகவே இல்லீங்க.”

“அப்புறம் எப்படிப்பா நடுக்கடல்ல டீசல் இல்லாம நின்னுச்சு?”

“அது என் டேட்டாவுல இல்லீங்களே.”

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பயம் வந்தது. ஒழுகுகிற படகாக இருந்தால் அடைத்துவிடலாம். ஒழுகாத படகை என்ன செய்வது? ‘ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் நீங்கள் நம்பி எடுத்துக்கொண்டு போவீர்கள். கூட என் மாப்பிள்ளையும் வருவார். கடலில் ஒழுகும் படகு முத்தாபுதுப்பேட்டையில் ஏன் ஒழுக மாட்டேன் என்கிறது, அங்கே இருப்பது எது இங்கே இல்லை என்று இதே கேள்வியைச் சுமந்துகொண்டு மனையில் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர் இல்லை, அலை இல்லை, உப்புக் காற்று இல்லை என்று தசரதன் சொல்லிக்கொண்டே வந்தார். உப்புக் காற்றுக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று அதிலேயே ஒரு நாள் போயிற்று.

போன வாரம் படகின் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே படகின் வயிறு. தண்ணீருக்குள் இருக்கும் பகுதி பாசி பிடித்துப் பச்சையாகவும், அதற்கு மேல் வெளுப்பாகவும் கோடு போட்டாற்போல் இருந்தது. தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பாசி தானே எழுதி வைத்திருக்கிறதே என்று ரசித்தேன். சும்மா இருக்க முடியாமல் எழுந்து போய் விரலால் அளந்தேன், பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அங்கேயும் அளந்தேன். வலது பக்கத்தைவிட இடது பக்கத்தில் பாசி நான்கு விரல் கூடுதல் உயரத்தில் இருந்தது! உங்கள் படகு கடலில் நேராக மிதக்கவில்லை, சம்பந்தி. எத்தனையோ வருடமாக இடது பக்கம் சாய்ந்தபடி போய்க்கொண்டிருக்கிறது. உடனே பவ்யாவுக்குப் போன் போட்டேன்.

“ஏம்மா, உன் மாமனார் படகுல எந்தப் பக்கம் உட்காருவார்?”

“எதுக்குப்பா? எப்பவும் இடது பக்கம்தான். வலை, ஐஸ் பெட்டி, தண்ணிக் கேன் எல்லாத்தையும் அந்தப் பக்கமே வெச்சுக்குவார். கைக்கு எட்டணுமாம். அவர் உட்கார்ற எடத்துல பலகை பளபளன்னு இருக்கும், பாருங்க.”

ஏறிப் பார்த்தேன். முகம் பார்க்கலாம் போல இருந்தது.

அடுத்தது, படகைச் சாய்க்க வேண்டும். தசரதன் கரையான்சாவடியில் ஒரு டயர் கடையிலிருந்து இரண்டு லாரி ஜாக்கி வாங்கி வந்து வலது பக்கத்தைத் தூக்கினார். அது போதவில்லை, இடது பக்கம் பாரம் வேண்டும். அப்போதுதான் அந்தப் பட்டியல் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வெள்ள ஒத்திகை என்று அரவிந்தனிடம் சொல்லி அனுப்பினேன். பதினான்கு பேர் வந்தார்கள். தலையணையோடு ஒருவர், மாத்திரை டப்பாவோடு ஒருவர், கூடையில் பூனையோடு ஒரு அம்மாள். ‘எல்லாரும் இடது பக்கமாக நெருங்கி உட்காருங்கள், வெள்ளத்தில் அதுதான் முறை’ என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய், ஆனால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. படகு மெதுவாகச் சாய்ந்தது, ஒரு டயர் நழுவியது, வேம்புலியம்மாள் “ஏழுமலையானே” என்று அலறினார், நான் முட்டுக் கொடுக்கக் குதித்தேன், முழங்கால் கல்லில் இடித்தது. வலி தெரியவில்லை. உள்ளே தலையை விட்டிருந்த தசரதன் குரல்தான் கேட்டது.

“சொட்டுதுபா! தட்சிணா, சொட்டுதுபா!”

டேங்கின் இடது தோளில், எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வரும் குழாய் சேரும் இடத்தில், முழங்கை போல வளைந்த ஒரு பித்தளை எல்போ. அதன் முதுகுப்புறத்தில் கடுகு அளவுக்குத் திருநீறு கறுத்திருந்தது. படகு நேராக நிற்கும்போது, அதுவும் பாதி டேங்கில், டீசல் அந்த உயரத்தை எட்டுவதே இல்லை. சாய்ந்தால்தான் எட்டுகிறது. நீங்கள் கரையில் படகை நேராக நிறுத்திப் பார்த்தபோதும், மெக்கானிக்குகள் பார்த்தபோதும், நான் இரண்டு வாரம் பார்த்தபோதும் அது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. பதினான்கு பேரும் கை தட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கோ பூனையைத் தூக்கிக் கொஞ்சலாம் போல இருந்தது.

புது எல்போ போட்டாயிற்று. டேங்கை முழுக்க நிரப்பி, சாய்த்த நிலையிலேயே வைத்து அளந்தோம். அரவிந்தனின் கோடு இம்மி இறங்கவில்லை. இனி மாப்பிள்ளை தைரியமாகப் போகலாம்.

இனி, குறை யாரால் என்ற பகுதிக்கு வருகிறேன். நான் கண்டிப்பானவன், தவறாக நினைக்க வேண்டாம். முதல் குறை உங்களுடையது. படகென்றால் நடுவில் உட்கார வேண்டும். கைக்கு எட்ட வேண்டும் என்று எல்லாப் பாரத்தையும் ஒரே பக்கம் ஏற்றி, நீங்களும் அதே பக்கம் காலை நீட்டி உட்கார்ந்தால் எந்த எல்போதான் தாங்கும்? இரண்டாவது, போன வருடம் நீங்கள் எஞ்சினையும் டேங்கையும் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்தது. இத்தனை காலம் பழைய பெயிண்டும் அழுக்கும் அந்தத் துளையை அடைத்துக்கொண்டிருந்தன. அதைச் சுத்தம் செய்து திறந்துவிட்டீர்கள். மூன்றாவது, அந்த எல்போவை வார்த்து அனுப்பிய கம்பெனி. வார்த்தவனைக்கூட மன்னிப்பேன், உருக்கி ஊற்றும்போது ஊசித் துளை விழுவது சகஜம். ஆனால் அதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்க்காமல், டீ குடிக்கப் போகும் அவசரத்தில் ‘சரி’ என்று அனுப்பினானே ஒரு பரிசோதகன், அவனை என் முன் நிறுத்தினால் நான்கு வார்த்தை கேட்பேன். அவன் வீட்டுப் பிள்ளை அந்தப் படகில் போனால் இப்படி அனுப்பியிருப்பானா?

ஆகவே இனிமேல் நீங்கள் நடுவில்தான் உட்கார வேண்டும். ஐஸ் பெட்டி வலது பக்கம் வர வேண்டும். மாப்பிள்ளையிடம் சொல்லிப் பலகையில் இடம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை லாரியில் படகு புறப்படும். ஞாயிற்றுக்கிழமை தடைக்காலம் முடிகிறது, நாள் சரியாக இருக்கிறது. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் பவ்யாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்கள் வலை கனத்து வரட்டும், போன அத்தனை பேரும் போனபடியே கரை சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி,
தட்சிணாமூர்த்தி.

பி.கு.: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டுவிட்டேன், ஒட்டத்தான் பாக்கி. அப்போது தசரதன் வந்தார். பழைய எல்போவை ஞாபகமாக வைத்துக்கொள்ளலாம் என்று மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பெயிண்டை எல்லாம் சுரண்டிக் கொண்டுவந்திருந்தார். அதை என் கையில் வைத்து அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பரிசோதகனுக்கும் ஒரு முத்திரை உண்டு. பொருளைப் பார்த்துச் சரி என்றால் சுத்தியலால் ஒரு தட்டு, முத்திரை பதிந்துவிடும். எல்போவின் அடியில் ஒரு முக்கோணம், அதற்குள் ஏழு என்று இருந்தது. பக்கத்தில் வருடம் 98.

“இன்னாபா, இது உன் நம்பர்தானே?” என்றார் தசரதன்.

என்னுடையதுதான். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள் என்கிறாள் ஹேமாவதி. வேண்டாம். அந்தப் பரிசோதகனைப் பற்றி நான் என்ன எழுதினேன் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அன்றைக்கு எனக்குக் காய்ச்சலா, வீட்டில் ஏதாவது கவலையா, எதனால் இதைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒன்றும் நினைவில்லை. எல்லா நாளையும் போல ஒரு நாளாகத்தான் இருந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது, சம்பந்தி. நீங்கள் இடது பக்கமே உட்காருங்கள், காலை நன்றாக நீட்டி உட்காருங்கள். மாப்பிள்ளையிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் ‘பரவாயில்லை மாமா’ என்பார், அதை என்னால் நின்று கேட்க முடியாது.

இன்னொரு விஷயம், இதுதான் அவசரம். அந்த எல்போக்கள் ஒரு தட்டில் அறுபது வரும். அறுபதையும் ஒரே ஆள்தான் பார்ப்பான். ஒன்று உங்களிடம் வந்தது. மீதி ஐம்பத்தொன்பதும் எந்தெந்தப் படகில், எந்தக் கரையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை லாரியில் நானும் ஏறி வருகிறேன், தசரதனும் வருகிறார், திருநீறு நிறைய எடுத்து வருகிறோம். அதற்குள் உங்கள் கரையில் இதே எஞ்சின் வைத்திருப்பவர்களை விசாரித்து வையுங்கள். எல்போவின் அடியில் முக்கோணத்துக்குள் ஏழு இருந்தால், நான் வந்து பார்க்கும்வரை அந்தப் படகை யாரும் தண்ணீரில் தள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.